பாடநூலுக்கும் மெயின்டனன்ஸ் வேண்டும்

அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் தொழில்நுட்பப் பாடங்களை எழுதப் பணம் கொட்டியது. எழுதியதைத் திருத்திக்கொண்டே இருக்கத்தான் ஆள் இல்லை. அந்தக் கதையில் கிண்டிக்கும் திருப்பூருக்கும் ஒரு சேதி இருக்கிறது.

ஆலையின் பின்புறம் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதைக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல இரண்டே கம்பிகள் போதும். தொட்டி காலியென்றால் கம்பியில் 4 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் போகும். பாதி நிறைந்தால் 12. விளிம்புவரை நிறைந்தால் 20. உலகெங்கும் ஆலைகளில் பழக்கத்தில் உள்ள அளவு இது. காலித் தொட்டிக்குப் பூஜ்யம் என்று வைத்திருக்கலாமே, ஏன் 4? பூஜ்யம் என்று வைத்தால், மீட்டரின் முள் படுத்துக் கிடக்கும்போது தொட்டி வற்றிவிட்டதா, எலி கம்பியைக் கடித்துவிட்டதா என்று சொல்ல முடியாது. 4 என்று வைத்துவிட்டால், முள் பூஜ்யத்துக்கு இறங்கிய நொடியே கோளாறு தண்ணீரில் இல்லை, கம்பியில் என்பது தெரிந்துவிடும். போதாததற்கு, தொட்டியடியில் இருக்கும் கருவி இயங்கத் தேவையான மின்சாரமும் அந்த 4 மில்லி ஆம்பியரிலேயே கிடைத்துவிடும்.

பொதுவான இயற்பியல் புத்தகத்தில் இதைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. ஓம் விதி இருக்கும். எலி கடித்த கம்பி இருக்காது. நள்ளிரவில் ஆலை நின்றுபோனால் டார்ச் லைட்டும் மல்டிமீட்டருமாக ஓடுகிறவருக்குத் தேவையான அறிவு இது. இதை யார் எழுதுவது? ஆலையில் கருவி மாறும்போது யார் திருத்துவது? அதற்கு யார் காசு கொடுப்பது? தொழில்நுட்பக் கல்வியைப் பற்றிப் பேசும்போது கட்டடம், ஆய்வகம், ஸ்மார்ட் போர்டு, வேலைவாய்ப்பு முகாம் என்றெல்லாம் பேசுகிறோம். மாணவர் கையிலும் ஆசிரியர் மேசையிலும் இருக்கும் பாடப்பொருளைப் பற்றிப் பேசுவது குறைவு. பேசினாலும், 'நல்ல புத்தகம் எழுதி இலவசமாக இணையத்தில் போட்டுவிட்டால் போதும்' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. போதாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். தொழில்நுட்பப் பாடப்பொருள் லேத் மிஷினைப் போன்றது. வாங்கி வைத்தால் மட்டும் ஓடாது. எண்ணெய் போட வேண்டும், தேய்ந்ததை மாற்ற வேண்டும், அதைச் செய்ய ஆளுக்கு உரிமையும் நேரமும் வேண்டும். இந்த வாதத்துக்கான சாட்சியங்கள் அதிகம் கிடைப்பது அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகளில்.

சந்தை எழுதாத புத்தகம்

அமெரிக்காவின் மிகப் பழைய பொதுத்துறைச் சமுதாயக் கல்லூரி 1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கியது. அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு 1947இல் 'சமுதாயக் கல்லூரி' என்ற பெயரையே பரவலாக்கியது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அந்த வகையில் இயங்குகின்றன. இரண்டு ஆண்டுப் படிப்பு, குறைந்த கட்டணம், வேலை பார்த்துக்கொண்டே படிக்க மாலை வகுப்பு. நம் ஊர் ஐடிஐ, பாலிடெக்னிக், மாலைக் கல்லூரி மூன்றையும் ஒரே கூரையின்கீழ் வைத்ததுபோல என்று சொல்லலாம். வெல்டர், சிஎன்சி இயக்குபவர், கருவியியல் டெக்னீஷியன், சிப் ஆலையின் பராமரிப்பாளர் என்று அந்த நாட்டின் தொழிற்கூடங்களுக்குக் கைதேர்ந்தவர்களை அனுப்புவதில் இந்தக் கல்லூரிகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

அங்கே பாடநூலின் சிக்கல் முதலில் விலையாகத்தான் கண்ணில் பட்டது. 2006க்கும் 2016க்கும் இடையே கல்லூரிப் பாடநூல்களின் விலை 88 சதவீதம் உயர்ந்தது என்கிறது அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளியியல் துறை. ஃபுளோரிடாவில் 2016இல் எடுத்த கணக்கெடுப்பில், விலைக்குப் பயந்து தேவையான பாடநூலை வாங்காமலே விட்டதாக மூன்று மாணவர்களில் இருவர் சொன்னார்கள். அதனால் 'திறந்த பாடநூல்' என்ற இயக்கம் வளர்ந்தது. வாஷிங்டன் மாநிலம் 2011இலிருந்து 81 பாடங்களுக்குத் திறந்த பாடப்பொருள்களை வெளியிட்டது. வர்ஜீனியாவின் டைட்வாட்டர் கல்லூரி 2013இல் ஒரு பட்டயப் படிப்பு முழுவதையும் பாடநூல் செலவே இல்லாமல் படிக்க வழி செய்தது. கலிஃபோர்னியா 2021இல் இதே நோக்கத்துக்காக 11.5 கோடி டாலர் ஒதுக்கியது.

இந்த இயக்கத்தில் ஓர் இயல்பான சாய்வு உண்டு. வாஷிங்டன் தேர்ந்தெடுத்த 81 பாடங்களும் அதிக மாணவர்கள் சேரும் பாடங்கள். செலவு ஒன்றுதான், பயன்பெறுவோர் ஆயிரக்கணக்கில் என்றால் அரசுக்கு அதுதான் லாபம். ஆனால் ஆலைக் கருவியியல் வகுப்பில் இருபது பேர் உட்கார்ந்திருப்பார்கள். பதிப்பகத்துக்கு இருபது பேர் சந்தையே இல்லை. திறந்த பாடநூல் திட்டத்துக்கும் அவர்கள் வரிசையின் கடைசியில்தான் நிற்கிறார்கள். அறிமுகப் பொருளியலின் தேவை–வழங்கல் வரைபடம் இருபது ஆண்டுகள் ஆனாலும் அப்படியே இருக்கும். தொழில்நுட்பப் பாடத்தில் ஐந்தாண்டுக்குள் ஆலையில் கருவி மாறிவிடும். ஆக, அடிக்கடி திருத்த வேண்டிய பாடத்துக்கு வாங்குவோர் குறைவு. திருத்தவே தேவையில்லாத பாடத்துக்கு வாங்குவோர் அதிகம். சந்தை இந்த இடைவெளியைத் தானாக நிரப்பும் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை.

நிரப்பியவர்களில் ஒருவர் அதே வாஷிங்டன் மாநிலத்துப் பெல்லிங்ஹாம் டெக்னிக்கல் காலேஜில் ஆசிரியராக இருந்த டோனி குஃபால்ட். மின்சுற்றுகளைப் பற்றி அவர் எழுதத் தொடங்கிய நூல், நேர்மின்னோட்டத்தில் ஆரம்பித்துச் செய்முறைப் பயிற்சிகள்வரை ஆறு தொகுதிகளாக வளர்ந்தது. அதன்பின் ஆலைக் கருவியியலுக்கு மூவாயிரம் பக்கங்களைத் தாண்டும் ஒரு நூல். இரண்டும் இலவசம். இலவசம் என்பதைவிட முக்கியமானது, யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம், திருத்தலாம், சேர்க்கலாம் என்று அவர் எழுதிக்கொடுத்த உரிமம். அந்த உரிமம் இருந்ததால்தான் மின்சுற்று நூலின் சில பகுதிகளைப் பிறர் எழுதிச் சேர்த்தார்கள். மின்னணுவியல் இணையதளம் ஒன்று அதை எடுத்துத் தன் வாசகர்களுக்காகச் செப்பனிட்டு வைத்துக்கொண்டது. கருவியியல் நூலும் ஒருமுறை அச்சாகி உறைந்துபோகாமல் பதிப்பு எண் ஏறிக்கொண்டே வந்தது. இந்த ஆசிரியரின் வகுப்பு முறையும் கவனிக்கத்தக்கது. மாணவர்கள் புத்தகத்தை வீட்டில் படித்துவிட்டு வருவார்கள். வகுப்பில் விரிவுரைக்குப் பதில் கேள்வித்தாள்களை வைத்து விவாதம். 'இந்தச் சுற்றில் இந்த அளவு வருகிறது. கோளாறு எங்கே இருக்க முடியும், எங்கே இருக்கவே முடியாது, அடுத்து எதை அளந்து பார்ப்பாய்?' என்ற மாதிரிக் கேள்விகள். தொட்டியும் இரண்டு கம்பிகளும் அங்கே சூத்திரமாக வருவதில்லை, துப்பறியும் வழக்காக வருகின்றன.

வேலை செய்கிறவரைக் கேள்

ஒரு தனிமனிதரின் உழைப்பை நம்பி ஒரு நாட்டின் தொழில்நுட்பக் கல்வியை நடத்த முடியாது. அமெரிக்க நாடாளுமன்றம் 1992இல் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி தேசிய அறிவியல் அறக்கட்டளை, உயர்நிலைத் தொழில்நுட்பக் கல்வித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பல்கலைக்கழகங்களுக்கே பெரும்பாலும் பணம் கொடுத்துப் பழகிய அந்த அமைப்பு, இந்தத் திட்டத்தில் தலைமையைச் சமுதாயக் கல்லூரிகளிடம் கொடுத்தது. பாடத்தை எழுதுகிறவர்கள் தொழில் நிறுவனங்களோடு சேர்ந்து எழுத வேண்டும் என்பது விதி. சிப் தயாரிப்பு, ஒளியியல், உயிரித் தொழில்நுட்பம், இணையப் பாதுகாப்பு என்று துறைவாரியாக மையங்கள் அமைந்தன.

அப்படிச் சேர்ந்து எழுதுவதற்குத் தொழிற்பாட உலகில் 'டேக்கம்' என்று ஒரு முறை உண்டு. 1960களில் கனடாவில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்தது. ஒரு வேலையில் கைதேர்ந்த ஐந்து முதல் பன்னிரண்டு பேரை அழைத்து, இரண்டு நாள் ஓர் அறையில் உட்காரவைப்பார்கள். மேலாளர்கள் இல்லை, பேராசிரியர்கள் இல்லை. வேலையைக் கையால் செய்கிறவர்கள் மட்டும். 'காலையில் வந்ததும் என்ன செய்வீர்கள்? அதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?' என்று கேட்டுக் கேட்டுச் சுவர் முழுக்க அட்டைகளை ஒட்டுவார்கள். கடைசியில் அந்தச் சுவர்தான் பாடத்திட்டம். பாடத்திட்டத்தை மேலிருந்து கீழே அனுப்பிப் பழகிய நமக்கு இது தலைகீழாகத் தோன்றும். வேலையை எழுத வேலையாளைக் கேட்பதைவிட நேரான வழி வேறு என்ன இருக்கிறது?

ஆனால் அறக்கட்டளையின் திட்டத்திலும் ஓர் ஓட்டை இருந்தது. மானியம் மூன்று, நான்கு ஆண்டுக்கு வரும். அந்தப் பணத்தில் பாடம் எழுதுவார்கள், காணொலி எடுப்பார்கள், ஓர் இணையதளம் கட்டுவார்கள். மானியம் முடிந்ததும் இணையதளத்துக்கு வாடகை கட்ட ஆள் இருக்காது. எழுதிய ஆசிரியர் ஓய்வுபெற்றிருப்பார் அல்லது வேறு கல்லூரிக்குப் போயிருப்பார். மக்கள் பணத்தில் எழுதிய பாடம் செத்த முகவரியாகிவிடும். இதைத் தடுக்க விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஒரு மையக் களஞ்சியம் ஏற்படுத்தி, மானியம் பெற்றவர்களின் ஆக்கங்களை அங்கே சேமிக்க ஏற்பாடு செய்தார்கள். நல்ல ஏற்பாடு. என்றாலும் சேமிப்பது வேறு, பராமரிப்பது வேறு. கிடங்கில் வைத்த மோட்டார் களவு போகாது; அதற்காக ஓடிக்கொண்டும் இருக்காது.

190 கோடி டாலரின் பாடம்

இதைவிடப் பெரிய சோதனை 2011இல் தொடங்கியது. வெளிநாட்டு வணிகத்தால் ஆலைகள் மூடி வேலையிழந்தவர்களுக்கு மறுபயிற்சி தருவதற்காக, அமெரிக்கத் தொழிலாளர் துறை சமுதாயக் கல்லூரிகளுக்கு நான்கு சுற்றுகளாக ஏறத்தாழ 190 கோடி டாலர் வழங்கியது. உற்பத்தி, எரிசக்தி, சுகாதாரம், தகவல் தொழில்நுட்பம் என்று புதிய படிப்புகள் உருவாயின. பணத்தோடு ஒரு நிபந்தனையும் வந்தது: இந்தப் பணத்தில் உருவாகும் பாடப்பொருள் எதுவாக இருந்தாலும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட வேண்டும், எழுதியவர் பெயரைச் சொல்லிவிட்டு எவரும் எடுத்துத் திருத்திப் பயன்படுத்தலாம். எல்லாவற்றையும் ஒரே களஞ்சியத்தில் சேர்க்கும் பொறுப்பைக் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்திடம் விட்டார்கள். மக்கள் பணத்தில் உருவானது மக்களுக்கே சொந்தம் என்ற கொள்கையை ஓர் அரசு இவ்வளவு பெரிய அளவில், அதுவும் தொழிற்கல்வியில், நடைமுறைப்படுத்தியது பாராட்டுக்குரியது.

நிபந்தனை உரிமத்தைத் தந்தது, நேரத்தைத் தரவில்லை. திட்டத்தின் கடைசி மானியங்கள் 2018இல் முடிந்தன. அதன்பின் அந்தப் பாடங்களை எடுத்துத் திருத்துவது யாருடைய வேலை என்று எங்கும் எழுதப்படவில்லை. அமெரிக்கச் சமுதாயக் கல்லூரி ஆசிரியர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் பகுதிநேரத்தவர்கள். ஒரு பாடத்துக்கு இவ்வளவு என்று கூலி. வகுப்பு முடிந்தால் அடுத்த கல்லூரிக்குக் கார் ஓட்ட வேண்டும். அவர்களிடம் போய், 'உரிமம் இருக்கிறதே, உட்கார்ந்து பாடத்தைத் திருத்துங்கள்' என்று சொல்வது, சாவியைக் கொடுத்துவிட்டு வண்டியைக் கொடுக்காதது போன்றது. இந்தக் கதைகளைக் கூட்டிப் பார்த்தால், பாடப்பொருள் உயிரோடு இருக்க மூன்று விஷயம் சேர வேண்டும் என்று தெரிகிறது. திருத்தும் உரிமை, திருத்த நேரம், எதைத் திருத்துவது என்று சொல்லத் தெரிந்த தொழிலாளி. குஃபால்டின் நூலில் மூன்றும் ஒரே மனிதரிடம் தற்செயலாகச் சேர்ந்தன. 1992ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளியைக் கொண்டுவந்தது. 2011ஆம் ஆண்டு மானியம் உரிமையைக் கொண்டுவந்தது. மூன்றையும் திட்டமிட்டுச் சேர்த்த ஏற்பாடுதான் வரவில்லை.

எதிர்வாதங்கள்

'தொழில் கையால் கற்பது; அதற்கு எதற்குப் புத்தகம்?' என்பது முதல் ஆட்சேபம். பாதி உண்மை. அரம் பிடிப்பதை எந்தப் பக்கமும் சொல்லித்தர முடியாது. ஆனால் கை கற்பது ஒரு மிஷினில். வேலைக்குப் போனால் முன்னால் நிற்பது வேறொரு மிஷின். ஒன்றில் கற்றதை மற்றொன்றுக்கு எடுத்துச்செல்ல உதவுவது காரணம். '4 ஏன் பூஜ்யம் இல்லை' என்ற காரணம் புரிந்தவர், இதுவரை பார்க்காத கருவியிலும் கம்பி அறுந்ததைக் கண்டுபிடிப்பார். காரணத்தை எழுதிவைக்காத பட்டறையில் அது மேஸ்திரியோடு ஓய்வுபெற்றுவிடுகிறது.

'இலவசமாகக் கிடைப்பது தரமாக இருக்குமா?' என்பது இரண்டாவது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் 21,000க்கும் மேற்பட்ட மாணவர்களின் மதிப்பெண்களை வைத்துச் செய்து 2018இல் வெளியான ஆய்வில், திறந்த பாடநூலுக்கு மாறியதால் மாணவர்களின் தேர்ச்சி குறையவில்லை, கூடியது. ஏழை மாணவர்களுக்கான அரசு உதவித்தொகை பெறுவோரிடமும் பகுதிநேர மாணவர்களிடமும் முன்னேற்றம் அதிகம். பல்கலைக்கழகப் பொதுப்பாடங்களில் கண்ட முடிவு இது. வெல்டிங் வகுப்புக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டோம். இலவசம் என்ற ஒரே காரணத்துக்காகத் தரம் தாழும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை என்று சொல்ல இது போதும்.

மூன்றாவது ஆட்சேபம் வலுவானது. 'கருவி செய்யும் நிறுவனங்களே பயிற்சிப் பொருளும் தருகின்றனவே. சிஸ்கோ 1997இலிருந்து தன் நெட்வொர்க்கிங் அகாடமியைக் கல்லூரிகளில் நடத்துகிறது. அவர்களைவிட நன்றாக யார் திருத்த முடியும்?' உண்மைதான். விற்பவருக்குத் தன் கருவியின் பாடத்தைப் புதுப்பிக்கக் காரணம் இருக்கிறது, அதனால் புதுப்பிக்கிறார். ஆனால் அந்தப் பாடம் அவருடைய கருவியோடு தொடங்கி அவருடைய கருவியோடு முடியும். போட்டி நிறுவனத்தின் கருவி எந்த இடத்தில் மேல் என்று அதில் இருக்காது. பத்து ஆண்டுப் பழைய மாடலை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஆலைக்காரரும் அதில் இருக்கமாட்டார். நிறுவனப் பாடத்தைத் துணையாக வைத்துக்கொள்ளலாம். அடித்தளமாக வைத்தால், கல்லூரி ஷோரூம் ஆகிவிடும்.

'இனி எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவு எழுதிவிடும், மொழிபெயர்த்தும் தரும்' என்பது நான்காவது, இப்போது அதிகம் கேட்பது. முதல் வரைவு எழுதவும் படம் விளக்கவும் அது உதவும் என்பதில் சந்தேகமில்லை. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ 'அனுவாதினி' என்ற மொழிபெயர்ப்புக் கருவியை உருவாக்கியிருப்பதும் வரவேற்கத்தக்கதே. ஆனால் பட்டறைத் தமிழ் தெரியாத கருவிக்கு 'டேப்' என்றால் தண்ணீர்க் குழாய். ஃபிட்டருக்கு அது மரை வெட்டும் உளி. 'டை' என்றால் கழுத்துப்பட்டையா, சாவா, மரை வெட்டும் வளையமா என்று தீர்மானிக்க ஒரு ஃபிட்டர் வேண்டும். கதையில் ஒரு சொல் தவறினால் வாசகர் சிரித்துவிட்டுப் போவார். மின்பெட்டியைத் திறக்கும் முறையில் ஒரு வரி தவறினால் ஒருவர் உயிர் போகும். எழுதும் செலவைக் கருவி குறைக்கும். சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் பொறுப்பை அது குறைக்காது. உற்பத்தி பெருகப் பெருகச் சரிபார்க்கும் ஆளின் தேவை கூடத்தான் செய்யும்.

கிண்டியிலிருந்து திருப்பூருக்கு

சமுதாயக் கல்லூரி என்ற சொல் நமக்கு அந்நியமில்லை. 1995இல் புதுச்சேரியிலும் 1996இல் சென்னையிலும் அந்த எண்ணம் இந்தியாவுக்குள் வந்தது. 2013இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி அதைத் திட்டமாகவே ஏற்றது. தொழிற்பாடப் பொருளிலோ நம் அனுபவம் அதைவிடப் பழையது. சென்னை கிண்டியில் 1986இல் ஜெர்மன் உதவியோடு தொடங்கிய நிறுவனம், இன்று நிமி என்ற பெயரில் நாடு முழுவதுக்குமான ஐடிஐ பாடநூல்களைத் தயாரிக்கிறது. ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன், வெல்டர் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் கருத்தியல் ஒரு நூல், செய்முறை ஒரு நூல், தமிழிலும் உண்டு. செய்முறை நூலின் ஒரு பயிற்சியைப் பிரித்தால் அதன் ஒழுங்கு தெரியும். இந்தப் பயிற்சி முடிந்தால் என்ன செய்யத் தெரிந்திருக்கும் என்பது மேலே, வேண்டிய கருவிகளும் பொருள்களும் அடுத்து, வரைபடம், அதன்பின் படிப்படியாகச் செய்முறை. அரத்தால் தேய்த்து, மூலைமட்டம் வைத்துப் பார்த்து, மறுபடி தேய்த்து என்று ஓர் இரும்புத் துண்டு சதுரமாகும் வரை. உலகின் நல்ல தொழிற்பாட வடிவங்களோடு இதைத் தயங்காமல் பக்கத்தில் வைக்கலாம்.

இந்த நூல்களை இப்போது அரசின் இணையதளத்தில் இலவசமாகப் படிக்க முடிகிறது. ஆனால் முதல் பக்கத்தைத் திருப்பினால், எழுத்துமூல அனுமதியின்றி எந்தப் பகுதியையும் மறுபதிப்புச் செய்யக் கூடாது என்ற வழக்கமான பதிப்புரிமை வாசகம் நிற்கும். மக்கள் பணத்தில் எழுதிய பாடத்தை ஓர் அரசு ஐடிஐ ஆசிரியர் தன் வகுப்புக்கு ஏற்பத் திருத்தி, பக்கத்து ஊர் ஆசிரியருக்குக் கொடுக்கச் சட்டப்படி அனுமதி கேட்க வேண்டும். திருத்துபவருக்குப் பட்டறை அனுபவம் இருக்கிறது, உரிமை இல்லை. இதற்கு மாற்று நம் நாட்டிலேயே உண்டு. ஐஐடி மும்பையின் 'ஸ்போக்கன் டுடோரியல்' மென்பொருள் பாடங்களைத் திறந்த உரிமத்தில் வெளியிடுகிறது. தமிழ் உள்ளிட்ட மொழிகளில் குரல் கொடுக்கிறது. அதன் நடைமுறையில் ஒரு படி நாம் அப்படியே எடுத்துக்கொள்ளத் தக்கது: பாடத்தைப் பதிவுசெய்யும் முன் அந்த விஷயம் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, எழுதியபடி செய்து பார்க்கச் சொல்கிறார்கள். அவர் தடுமாறும் இடத்தில் பிழை மாணவரிடம் இல்லை, பாடத்தில் என்று கொள்கிறார்கள்.

திருத்தும் உரிமை இருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்குத் திருப்பூரைப் பார்க்கலாம். சாயக்கழிவு நொய்யலில் கலந்ததால் 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் நிலையங்களை நம்பியே அந்த ஊரின் சாயத் தொழில் இன்று நிற்கிறது. அந்த நிலையம் ஒவ்வொன்றும் தொட்டி, குழாய், பம்பு, அளவுக் கருவி இவற்றின் கூட்டம். கட்டுரையின் தொடக்கத்தில் வந்த இரண்டு கம்பிகள் அங்கே ஆயிரம் இடத்தில் ஓடுகின்றன. அந்த வட்டாரத்துப் பாலிடெக்னிக் ஆசிரியர், சுத்திகரிப்பு நிலையத்தின் ஆபரேட்டர்கள் ஆறு பேரைக் கூப்பிட்டு இரண்டு நாள் உட்காரவைத்தால், உப்புநீர் கருவியை எப்படி அரிக்கிறது, எந்த அளவு பொய் சொல்லும், இரவு ஷிப்டில் எது முதலில் மக்கர் பண்ணும் என்று ஒரு பாடமே பிறக்கும். தில்லியிலோ கிண்டியிலோ உட்கார்ந்து அதை எழுத முடியாது. கோவையில் பம்புக்கும், சிவகாசியில் ஆஃப்செட் அச்சுக்கும், ஓசூரில் மின்வாகனத்துக்கும் இதே கணக்குதான்.

'ஆளுக்கு ஆள் திருத்தினால் பாடம் ஊருக்கு ஒன்றாகிவிடாதா, தேர்வு எப்படி நடத்துவது?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அடித்தளம் பொதுவாக இருக்கட்டும்; தேர்வும் அதன்மேல் நடக்கட்டும். வட்டாரப் பயிற்சிகள் அதன் மேல் ஏறும் அடுக்குகள். ஆண்டுக்கு ஒருமுறை அந்த அடுக்குகளை ஒரு குழு பார்த்து, எல்லோருக்கும் பொருந்துவதை அடித்தளத்துக்குள் இறக்கலாம். மென்பொருள் உலகம் பல ஆண்டுகளாக இப்படித்தான் இயங்குகிறது. பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதற்கென்றே 1964இல் தொடங்கிய, சென்னை தரமணியில் உள்ள நிறுவனம் அந்தக் குழுவுக்கு இருக்கை போட்டுக் கொடுக்கலாம்.

அரசு செய்ய வேண்டியது மூன்றே. மக்கள் பணத்தில் உருவாகும் தொழிற்பாடம் அனைத்தையும் திருத்திப் பகிரும் உரிமத்தில் வெளியிடுவது. பாடம் திருத்தும் ஆசிரியருக்கு அந்த மணிநேரத்தைப் பணிநேரக் கணக்கில் சேர்ப்பதோடு, பதவி உயர்வில் ஆய்வுக் கட்டுரைக்குத் தரும் மதிப்பை அதற்கும் தருவது. ஒவ்வொரு திருத்தத்திலும் அந்த வேலையைச் செய்கிற தொழிலாளி ஒருவரின் பெயர் இருக்கச் செய்வது. புதிய கட்டடம் ஒன்றுக்கு ஆகும் செலவில் இதைப் பல ஆண்டுகள் நடத்தலாம். திறப்பு விழாதான் இருக்காது.

ஒழுங்கான ஆலையில் ஒவ்வொரு மிஷினிலும் ஓர் அட்டை தொங்கும்: கடைசியாக எண்ணெய் போட்ட தேதி, பார்த்தவர் கையெழுத்து, அடுத்து பார்க்க வேண்டிய தேதி. உங்கள் வீட்டில் ஐடிஐயோ பாலிடெக்னிக்கோ படிக்கும் பிள்ளை இருந்தால், இன்று மாலை அந்தப் புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்தைப் பாருங்கள். கடைசியாகத் திருத்திய தேதி எது, திருத்தியவர் யார் என்று தேடுங்கள். இல்லையென்றால், கல்லூரி முதல்வரிடம் அதைக் கேளுங்கள்.